கினிப்புல் வந்த கதையும் நமது மலைகளில் எரியும் நெருப்பும்





ஜனவரி பிறந்து மழை ஓய்ந்துவிட்டால் நமது பக்கத்து மலைகளில் புகை எழத் தொடங்குகிறது. ஹந்தானைச் சரிவு, கடுகண்ணாவைப் பக்கக் குன்றுகள், புகையிரதப் பாதையோரம், சொந்தக்காரர் கொழும்பிலோ கட்டாரிலோ இருக்கும் வெற்றுக் காணித் துண்டுகள் என்று ஒவ்வொரு வருடமும் எங்காவது எரிகிறது. எரிவது காடு என்று பத்திரிகையில் வரும். கிட்டப்போய்ப் பார்த்தால் பெரும்பாலும் புல். அதிலும் ஆளுயரத்துக்கு மேல் வளர்ந்து காய்ந்து நிற்கும் கினிப்புல்.

இந்தப் புல் நமது மண்ணில் தானாக முளைத்ததல்ல. கொண்டுவரப்பட்டது. வேண்டுமென்றே நடப்பட்டது. ஒரு காலத்தில் விலைமதிப்புள்ள தீவனமாக இருந்தது. அது எப்படி நெருப்பாக மாறியது என்ற வரலாறு தெரிந்தால்தான் அதை என்ன செய்வது என்றும் தெரியும். பதிவு கொஞ்சம் நீளம். பொறுமையாக வாசியுங்கள்.

ஊரின் பெயரிலேயே ஒரு புல்வெளி

பிலிமத்தலாவை என்ற பெயரைப் பிரித்தால் சிங்களத்தில் 'பிலிம' என்பது சிலை. 'தலாவ' என்பது மரங்கள் ஐதாக நிற்கும் திறந்த வெளி. முருதலாவையிலும் இதே சொல்தான். தலவாக்கலையிலும் இதுதான் தொடக்கம். மலைநாட்டில் 'பத்தன' என்று இன்னொரு சொல்லும் உண்டு. அதுவும் புல்வெளிதான்.

ஆகவே புல் நமக்குப் புதிதல்ல. இலுக்கும் மானாப்புல்லும் ஆங்கிலேயர் வருவதற்கு முன்பே இங்கே இருந்தன. இலுக்கு கூரை வேய்ந்தது. மானாப்புல் மாட்டுக்குப் படுக்கையானது. அறுத்துக்கொண்டே இருந்ததால் அவை அளவோடு இருந்தன.

நமது முன்னோரின் மாடுகள்

கண்டி இராச்சியத்தில் பொதி சுமக்கும் மாடுகளுக்கென்றே ஒரு நிர்வாகப் பிரிவு இருந்தது. அதன் பெயர் 'மடிகே பத்த'. அதில் பெரும்பாலும் இருந்தவர்கள் முஸ்லிம்கள். கரையோரத்திலிருந்து உப்பும் கருவாடும் துணியும் மேலே வரும். பாக்கும் மிளகும் கீழே போகும். இவற்றைச் சுமந்தவை தவளம் மாடுகள். கலாநிதி லோனா தேவராஜா 1994இல் வெளியிட்ட இலங்கை முஸ்லிம்கள் பற்றிய நூலில் இதை விரிவாக எழுதியிருக்கிறார்.

தவளம் என்றால் ஒரு மாடு இரண்டு மாடு அல்ல, வரிசையாக நடக்கும் மந்தை. அந்த மந்தை இரவில் தங்கும் இடமெல்லாம் தண்ணீரும் புல்லும் வேண்டும். வழியோரத்துப் புல்வெளி பொதுவில் இருந்ததால்தான் அந்த வியாபாரம் நடந்தது. நமது சமூகம் மலைநாட்டில் வேரூன்றிய கதைக்குள் புல்லின் கதையும் இருக்கிறது. நாம் இதைப் பிள்ளைகளுக்குச் சொல்வது குறைவு.

வீதி, குதிரை, கோப்பி

1815இல் கண்டி பிரித்தானியர் கைக்குப் போனது. 1820களில் தேசாதிபதி எட்வர்ட் பார்ன்ஸ் கொழும்பு–கண்டி வீதியை வெட்டினார். நமது ஊருக்கு நடுவால் இன்று ஓடும் அதே வீதிதான். அதை அமைத்த கப்டன் டோசனின் நினைவுக் கோபுரம் கடுகண்ணாவையில் நிற்கிறது. 1832இல் கொழும்புக்கும் கண்டிக்கும் இடையே குதிரை பூட்டிய தபால் வண்டி ஓடத் தொடங்கியது.

தவளம் மாடு வழியில் கிடைத்ததை மேயும். வண்டிக் குதிரைக்கு அப்படி முடியாது. அதற்கு இடத்துக்கு இடம் தீவனம் தயாராக இருக்க வேண்டும். அதே காலத்தில் கோப்பித் தோட்டங்கள் வந்தன. பார்ன்ஸே கன்னொறுவையில் கோப்பி பயிரிட்டார். கோப்பிக்கு எரு வேண்டும், எருவுக்கு மாடு வேண்டும், மாட்டுக்குப் புல் வேண்டும். தோட்டங்களில் மாட்டுப்பட்டிகள் கட்டப்பட்டன. பக்கத்தில் தீவனப் புல் நடப்பட்டது.

அப்படி நடப்பட்டதுதான் கினிப்புல். அதன் தாயகம் ஆபிரிக்கா. மேற்கு ஆபிரிக்காவின் கினிக் கரையின் பெயரை அது சுமக்கிறது. 18ஆம் நூற்றாண்டில் கரீபியன் தீவுகளின் கரும்புத் தோட்டங்களில் அது பரவியிருந்தது. அடிமைகளாகப் பிடிக்கப்பட்ட மனிதர்களை ஏற்றிய கப்பல்களோடு ஆபிரிக்கப் புற்களும் கடல் கடந்தன என்று வரலாற்றாய்வாளர்கள் எழுதுகிறார்கள். பிறகு பிரித்தானியரின் வெப்ப நாட்டுக் குடியேற்றங்கள் பலவற்றுக்கும் போனது. 19ஆம் நூற்றாண்டில் நமது மலைகளுக்கும் வந்தது.

நமது சிங்கள அயலவர் இதைக் 'கினி தண' என்கிறார்கள். சிங்களத்தில் 'கினி' என்றால் நெருப்பு. ஒரு நாட்டின் பெயர் வாய்மொழியில் நெருப்பாகிவிட்டது. இன்று பார்த்தால் அந்தப் பெயர்தான் பொருத்தம்.

வெறும் நிலம் என்று எழுதிய சட்டம்

1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் காடு, தரிசு, பயிரிடப்படாத நிலம் எல்லாம் முடிக்குரியவை என்று கொள்ளப்படும் என்றது. உரிமை கோருபவர்தான் ஆதாரம் காட்ட வேண்டும். கிராமத்து மாடு மேய்ந்த வெளிக்கு யாரிடம் உறுதி இருந்தது? சேனை வெட்டி, பிறகு ஆறப்போட்ட நிலத்துக்கு யாரிடம் பத்திரம் இருந்தது?

அப்படி எடுக்கப்பட்ட நிலம் 1844 வரை ஏக்கர் 5 சிலிங்குக்கு விற்கப்பட்டது. வாங்கியவர்களில் அரசாங்க அதிகாரிகளும் இருந்தார்கள். கிராமத்தவன் மேய்ச்சலாகப் பார்த்ததைச் சட்டம் வெறும் நிலமாகப் பார்த்தது. அந்த வெளிகளில் கோப்பி ஏறியது. கிராமத்து மந்தை வீதியோரத்துக்கும் வயல் வரம்புக்கும் ஒதுங்கியது.

1867இல் புகையிரதம் கண்டிக்கு வந்தது. தபால் குதிரையின் காலமும் தவளத்தின் காலமும் முடிந்தன. 1869இல் கோப்பி இலைத்துரு நோய் கண்டுபிடிக்கப்பட்டது. அடுத்த இருபது வருடத்துக்குள் கோப்பி அழிந்து தேயிலை வந்தது. குதிரை போனது, கோப்பி போனது. அவற்றுக்காக நட்ட புல் மட்டும் போகவில்லை.

தீவனம் களையானது எப்போது?

கினிப்புல் வந்த உடனேயே தொல்லையாகிவிடவில்லை. நீண்ட காலம் அது நமது ஊர்களுக்குச் சோறு போட்டது. வீட்டுக்கு ஒரு பசு, வயலுக்கு ஒரு சோடி எருமை, கரத்தைக்கு மாடு என்று இருந்த காலத்தில் வீதியோரத்தில் இந்தப் புல் பூக்கும்வரை யாரும் விட்டுவைக்கவில்லை. காலையில் ஒரு கட்டு, மாலையில் ஒரு கட்டு அறுத்துவிடுவார்கள். இன்றும் பால்மாடு வைத்திருப்பவர்களும், உழ்ஹிய்யாவுக்கு மாடு வளர்ப்பவர்களும் சாக்கும் கத்தியுமாக இந்தப் புல்லைத்தான் தேடிப் போகிறார்கள்.

மூன்று மாற்றங்கள் சேர்ந்து நிலைமையைப் புரட்டின.

முதலாவது, வயலில் இருந்த எருமையின் இடத்தைக் கைட்ராக்டர் பிடித்தது. கரத்தை மாட்டின் இடத்தை லொறி பிடித்தது. அறுக்கும் கை குறைந்தது.

இரண்டாவது, 1972இலும் 1975இலும் காணிச் சீர்திருத்தம் வந்தது. தோட்டங்கள் அரசின் கைக்கு மாறின. மத்திய மலைநாட்டின் இலாபம் குறைந்த தேயிலைக் காணிகள் பல பராமரிப்பின்றிப் போயின. ஹந்தானையில் 1925இல் கட்டிய தேயிலைத் தொழிற்சாலை இன்று நூதனசாலை. அதைச் சுற்றியுள்ள பழைய தேயிலைச் சரிவுகளில் ஒரு பகுதி மானாப்புல்லும் கினிப்புல்லும். ஒரு பகுதி, அந்தப் புல்லை மூடுவதற்காக வனத் திணைக்களம் நட்ட பைன் மரங்கள்.

மூன்றாவது, நமது வீட்டுத் தோட்டங்கள். பலா, தென்னை, கமுகு, கராம்பு, சாதிக்காய், மரத்தில் ஏறிய மிளகு என்று அடுக்கடுக்காய் நிழல் விழுந்த தோட்டத்தில் கினிப்புல் தலையெடுக்காது. அந்தத் தோட்டத்தை வெட்டிக் காணித் துண்டுகளாக்கி விற்கிறோம். வாங்கியவர் பத்து வருடம் கழித்துத்தான் வீடு கட்டுவார். அந்தப் பத்து வருடமும் அந்தத் துண்டு கினிப்புல்லுக்குச் சொந்தம்.

மாடும் கத்தியும் நிழலும் போன இடத்தில்தான் இந்தப் புல் களையானது. நமது வரலாறு சொல்லும் பாடம் இதுதான்.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. கெட்டம்பேயில் இருக்கும் கால்நடை உற்பத்தி சுகாதாரத் திணைக்களத்துக்கு இது தீவனம். கன்னொறுவையில் விவசாயம் படித்தவர்களுக்கு இது களை. சூழல் துறைக்கு இது நாட்டின் ஆக்கிரமிப்புத் தாவரப் பட்டியலில் உள்ள ஒன்று. மூவர் சொல்வதும் உண்மை. அறுத்தால் தீவனம், விட்டால் களை, காய்ந்தால் நெருப்பு.

ஆற்றுவாழைக்கு, 1909இலேயே இந்த நாட்டில் தனிச் சட்டம் வந்தது. அது குளத்தையும் வயலையும் அடைத்தது எல்லோர் கண்ணிலும் பட்டது. 1924இல் தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம், 1999இல் அதற்குப் பதிலாகப் புதிய சட்டம் என்று தொடர்ந்து வந்தன. கினிப்புல்லுக்கென்று தனிச் சட்டம் எதுவும் வரவில்லை. பயனுள்ள புல் என்ற பழைய பெயர் அதைக் காப்பாற்றிக்கொண்டே வந்தது.

எரித்தால் ஏன் தீராது?

புல் வளர்ந்துவிட்டது, பாம்பு வரும், எரித்துவிடுவோம் என்பது ஊரில் பொதுவான பேச்சு. மையவாடி துப்புரவிலும் இதைக் கேட்கிறோம். எரித்த மறுநாள் இடம் சுத்தமாகத் தெரியும். ஆனால் நிலத்தில் நடப்பது வேறு.

கினிப்புல்லின் முளைக்கும் பகுதி அடித்தூரில், மண்ணோடு ஒட்டி இருக்கிறது. மேலே தாளெல்லாம் எரிந்தாலும் அந்தத் தூர் சாகாது. முதல் மழை விழுந்ததும் துளிர்த்துவிடும். அதனோடு வளர்ந்து வந்த பலாக்கன்றும் வேப்பங்கன்றும் சாகும். நிழல் தரப்போகும் போட்டியாளனை நாமே கொன்று, புல்லுக்கு இடம் விரித்துக் கொடுக்கிறோம். அடுத்த வருடம் புல் கூடும், அதனால் காய்ந்த சருகு கூடும், அதனால் நெருப்பும் கூடும். இலுக்கும் இப்படித்தான். அதன் கிழங்குத்தண்டு மண்ணுக்குள் ஓடுவதால் நெருப்பு அதைத் தொடுவதே இல்லை.

நமது சரிவுகளில் இன்னொரு நட்டமும் உண்டு. எரிந்து வெறுமையான மண்ணில் முதல் பெருமழை விழுந்தால் மேல்மண் கழுவப்பட்டு ஓடைக்குப் போகும், அங்கிருந்து மகாவலிக்குப் போகும். மழைநீரை உறிஞ்சி வைத்திருந்து கோடையில் ஊற்றுக்குக் கொடுப்பது அந்த மேல்மண்தான். மலை எரிந்தால் கீழே உள்ள கிணறும் இளைக்கும்.

இது நமது ஊரின் கதை மட்டுமல்ல. 2023 ஓகஸ்டில் ஹவாய் தீவுகளில் ஒன்றான மாவியில் லஹைனா என்ற பழைய நகரம் ஒரே நாளில் எரிந்தது. சுமார் 100 பேர் இறந்தார்கள். அங்கும் கரும்புத் தோட்டங்கள் கைவிடப்பட்டிருந்தன. அங்கும் மாட்டுத் தீவனமாகக் கொண்டுவரப்பட்ட கினிப்புல்லும் வேறு ஆபிரிக்கப் புற்களும் அந்த வெற்று நிலத்தை மூடியிருந்தன. பலத்த காற்றில் ஒரு பொறி போதுமாக இருந்தது. நமக்கு மழை அதிகம், அந்த அளவுக்கு வராது என்று ஆறுதல் கொள்ளலாம். ஆனால் கைவிட்ட தோட்டம், காய்ந்த புல், அதன் ஓரத்தில் வீடு என்ற மூன்றும் இங்கேயும் இருக்கின்றன.

வயலுக்குள்ளும் புல்தான்

வயல் செய்பவர்களுக்கு வேறு புற்கள். நெற்சப்பி இளமையில் நெல்லைப் போலவே இருக்கும். இலை தண்டோடு சேரும் இடத்தை விரித்துப் பாருங்கள். நெல்லில் அங்கே மெல்லிய வெள்ளை நாக்கு ஒன்று இருக்கும், நெற்சப்பியில் இருக்காது. பிள்ளைகளுக்கு இதைக் காட்டிக் கொடுத்தால் ஒரு வாரத்தில் நம்மைவிட நன்றாகக் கண்டுபிடிப்பார்கள்.

நாற்று நட்ட காலத்தில் வரிசையில் நிற்காததைப் பிடுங்கிவிடலாம். வீசி விதைக்கத் தொடங்கிய பிறகு எது பயிர், எது களை என்று தெரியவில்லை. ஆகவே மருந்து வந்தது. புரொப்பனிலுக்கு அடங்காத நெற்சப்பி இலங்கையில் 1990களின் பிற்பகுதியிலேயே கண்டறியப்பட்டது. அதே பத்தாண்டில் களைநெல்லும் நாட்டில் பெரிதாகப் பேசப்படத் தொடங்கியது. அது நெல்லின் சொந்தம் என்பதால் நெல்லைக் காப்பாற்றிக்கொண்டு அதை மட்டும் கொல்லும் மருந்து கிடைப்பது கடினம். அறுவடைக்கு முன்பே மணி உதிர்ந்து அடுத்த போகத்துக்குக் காத்திருக்கும். சுத்தமான விதைநெல், முதல் முளைப்பை வரவிட்டு மடித்து உழுவது, முடிந்த இடத்தில் நாற்று நடுவது ஆகியவைதான் இன்றும் நம்பக்கூடிய வழிகள்.

மருந்து பற்றி ஒரு சொல்

கிளைபோசேட் 2015இல் தடை செய்யப்பட்டது. 2018இல் தேயிலைக்கும் இறப்பருக்கும் மட்டும் தளர்த்தப்பட்டது. 2021இல் இரசாயன உரம், மருந்து எல்லாவற்றின் இறக்குமதிக்கும் தடை வந்து, அதே வருடம் நவம்பரில் விலக்கப்பட்டது. அந்தக் குழப்பத்தில் மலைநாட்டு விவசாயி பட்ட பாடு எல்லோருக்கும் தெரியும். தடை சரியா பிழையா என்ற வாதத்துக்கு நாம் இங்கே போகவில்லை. மருந்தை மட்டுமே நம்பியிருந்தால் வர்த்தமானி மாறும்போதெல்லாம் நமது தோட்டமும் மாறும். அதோடு மருந்து நிற்கும் புல்லைக் கொல்லும், மண்ணுக்குள் கிடக்கும் விதையைக் கொல்லாது. நிழல் இல்லாத இடத்தில் அந்த விதை மீண்டும் எழும்.

ஹிமா: நமது மார்க்க வரலாற்றில் ஒரு புல்வெளி

தண்ணீர், புல், நெருப்பு ஆகிய மூன்றிலும் மக்கள் பங்காளிகள் என்ற கருத்துள்ள நபிமொழி அபூதாவூத், இப்னுமாஜா தொகுப்புகளில் வருகிறது. இந்தப் பதிவில் நாம் பேசிக்கொண்டிருப்பதும் அதே மூன்றைத்தான்.

மதீனாவுக்கு அருகில் நகீஃ என்ற புல்வெளியை நபி ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்கள் பொதுத் தேவைக்கான காப்பு மேய்ச்சலாக ஒதுக்கினார்கள். இதற்கு ஹிமா என்று பெயர். உமர் ரழியல்லாஹு அன்ஹு அவர்கள் ஷரஃப், ரபதா ஆகிய இடங்களையும் ஹிமாவாக்கினார்கள். அதைப் பார்த்துக்கொள்ள ஹுனைய் என்பவரை நியமித்தபோது அவர்கள் சொன்னது புஹாரியில் பதிவாகியிருக்கிறது. கருத்து இதுதான்: சில ஒட்டகம், சில ஆடு வைத்திருக்கும் ஏழையை உள்ளே விடு. இப்னு அவ்ஃப், இப்னு அஃப்பான் போன்ற செல்வந்தரின் மந்தையை விடாதே. செல்வந்தரின் மந்தை அழிந்தால் அவருக்குத் தோட்டம் இருக்கிறது. ஏழையின் மந்தை அழிந்தால் அவன் பிள்ளைகளோடு என்னிடம் வந்து நிற்பான். தங்கம் வெள்ளி கொடுப்பதைவிடத் தண்ணீரும் புல்லும் கொடுப்பது எனக்கு இலகு.

1840இன் சட்டத்தை இதற்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒன்று புல்வெளியை ஏழையின் பங்காக எண்ணி எல்லை போட்டது. மற்றது அதை யாருக்கும் சொந்தமில்லாத வெறும் நிலம் என்று எழுதி, காசுள்ளவனுக்கு விற்றது. ஹிமாவில் புல்லுக்குப் பொறுப்பான ஒரு மனிதர் இருந்தார். இன்று நமது மலைச்சரிவுகளில் இல்லாதது அந்தப் பொறுப்பாளர்தான்.

நாம் செய்யக்கூடியவை

ஒன்று: எரிப்பதை நிறுத்துவோம். மையவாடியானாலும் வளவானாலும் அறுத்து, அந்த இடத்திலேயே மூடாக்காகப் போடுவோம், அல்லது மாட்டுக்குக் கொடுப்போம்.

இரண்டு: பூக்குலை வருமுன் அறுப்போம். நான்கிலிருந்து ஆறு வாரத்துக்கு ஒருமுறை அறுத்தால் நல்ல தீவனம், விதையும் விழாது. விதை பிடித்த புல்லை லொறியில் திறந்து கொண்டுபோனால் வழியெல்லாம் விதைத்துக்கொண்டு போகிறோம் என்று அர்த்தம்.

மூன்று: வேண்டாத இடத்தில் மழைக்காலத்தில் தூரோடு கிளப்பி, வேர் மேலே பார்க்கப் புரட்டிவிடுவோம். அடுத்த மழைக்கு முளைக்கும் சிறுகன்றுகளையும் விடாமல் பிடுங்க வேண்டும். ஒரே தடவையில் முடியும் வேலை இல்லை.

நான்கு: நிழலைத் திருப்பிக் கொண்டுவருவோம். கிளிரிசிடியாக் கம்பு நட்டு அதில் மிளகு ஏற்றுவது நமக்குத் தெரிந்த வேலைதான். அதன் குழை எருவாகும், மிளகு காசாகும், நிழல் புல்லை அடக்கும். வரம்போரத்தில் ஒரு பலாவும் வைக்கலாம்.

ஐந்து: டிசம்பர் முடியுமுன் மலைப்பக்க வீடுகளுக்கு மேலே பத்தடி அகலத்தில் புல்லை வெட்டி நெருப்பு வரம்பு எடுப்போம். பள்ளிவாசல் நிர்வாகம், விகாரை, கோவில், கிராம சேவகர் எல்லோரும் சேர்ந்த ஒரு நாள் சிரமதானம் போதும். நெருப்பு இனம் பார்த்து எரிவதில்லை. அதைத் தடுக்கும் வேலையும் அப்படியே இருக்கட்டும்.

ஆறு: வெளியூரில் இருக்கும் காணிச் சொந்தக்காரர்களே, உங்கள் துண்டை ஒரு பால்மாட்டுக்காரருக்கு இலவசமாக அறுக்கக் கொடுங்கள். உங்களுக்குக் காணி சுத்தமாகும், அவருக்குத் தீவனச் செலவு குறையும், பக்கத்து வீட்டாருக்குப் பயம் போகும். இன்ஷா அல்லாஹ், நன்மையும் சேரும்.

ஊரின் மூத்தவர்களிடம் ஒரு வேண்டுகோள். முன்பு மாடு மேய்ந்த வெளிகள் எவை, அவற்றின் பழைய பெயர்கள் என்ன, எந்த ஊற்று எந்தக் கோடையிலும் வற்றாமல் இருந்தது என்று தெரிந்ததை எழுதுங்கள், எழுத முடியாதவர்கள் பேரப்பிள்ளைகளிடம் சொல்லுங்கள். எங்கே நெருப்பு வரம்பு வெட்டுவது, எங்கே மரம் நடுவது என்று முடிவெடுக்க அந்தத் தகவல்தான் நமக்கு முதலில் வேண்டும்.

வஸ்ஸலாம்.